7 முறை தட்டினால் டெவலப்பர்... ஏன் 7? ஓப்பன் சோர்ஸ் கோடிங்கில் தேடத் தெரிந்தால் பதில் உங்கள் கையில்!

கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கா? செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய், பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், கவனிச்சிருக்கீங்களா? முதல் இரண்டு தட்டல்களுக்கு போன் வாயே திறக்காது. மூன்றாவது தட்டலில்தான் 'இன்னும் 4 ஸ்டெப் பாக்கி' என்று எட்டிப் பார்க்கும். ஏன் அப்படி? அந்த 7-ஐ எங்கே எழுதி வெச்சிருக்காங்க?

இணையத்தில் தேடினால் 'எப்படித் தட்டுவது' என்று சொல்லும் வீடியோக்கள் வரிசைகட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்ற பதில் அங்கே கிடைப்பது கஷ்டம். ஆனால், அந்தப் பதில் ஒரு ஃபைலில், ஒரே வரியில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. காரணம், ஆண்ட்ராய்டின் அடிப்படை ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் சோர்ஸ் கோடு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. எங்கே, எப்படித் தேடுவது என்பதுதான் விஷயம். கோடிங் எழுதத் தெரியாதவர்கள்கூட இதைக் கத்துக்கலாம். வாங்க, தேடிப் பார்த்துடலாம்.

ஸ்கிரீனில் தெரியும் வார்த்தைதான் நூல் நுனி

போன் பிரவுசரில் 'சிஎஸ் டாட் ஆண்ட்ராய்டு டாட் காம்' என்ற தளத்தைத் திறங்க. ஆண்ட்ராய்டு சோர்ஸ் கோடில் தேடுவதற்காகவே கூகுள் வெச்சிருக்கிற தளம் இது. ஸ்கிரீன் சின்னதா இருந்து சிரமமா இருந்தால், பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' ஆப்ஷனை ஆன் பண்ணிக்கோங்க.

முதல் படி. 7 முறை தட்டியதும் ஆங்கிலத்தில் வரும் மெசேஜ் 'யூ ஆர் நவ் எ டெவலப்பர்!' இல்லையா? அதை அப்படியே ஆங்கிலத்தில் டைப் செய்து, இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டுத் தேடுங்க. மேற்கோள்குறி இல்லாவிட்டால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகத் தேடப்படும். போட்டால், அதே வரிசையில் இருக்கும் வாக்கியம் மட்டும் சிக்கும்.

இரண்டாவது படி. 'ஸ்டிரிங்ஸ் டாட் எக்ஸ்எம்எல்' என்ற ஃபைல் கண்ணில் படும். டி.வி செட்டிங்ஸ் மாதிரி வேறு இடங்களிலும் அதே மெசேஜ் இருக்கலாம். நமக்குத் தேவை, 'செட்டிங்ஸ்' ஆப் ஃபோல்டரில் இருப்பது. திரையில் காட்ட வேண்டிய வாக்கியங்களை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கிற பட்டியல் இது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பெயர் உண்டு. நம் வாக்கியத்தின் பெயர் 'ஷோ டெவ் ஆன்', வார்த்தைகளுக்கு நடுவே அண்டர்ஸ்கோர். இதே பட்டியல் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், தமிழுக்கும் சேர்த்து. உங்கள் போன் தமிழில் பேசுவது அந்தத் தமிழ் ஃபோல்டரிலிருந்துதான்.

மூன்றாவது படி. இப்போ அந்தப் பெயரைத் தேடுங்க. அதைப் பயன்படுத்தும் புரோகிராம் ஃபைல் வரும். 'பில்ட் நம்பர் பிரிஃபரன்ஸ் கன்ட்ரோலர்' என்று தன் வேலையைத் தானே சொல்லும் பெயர் அதற்கு.

நான்காவது படி. ஃபைலைத் திறந்தால் மேலேயே ஒரு வரி: 'டாப்ஸ் டு பி எ டெவலப்பர்' சமம் 7. அவ்ளோதான்! கீழே இன்னும் கொஞ்சம் இறங்கினால் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கு. ஒவ்வொரு தட்டலுக்கும் 7-லிருந்து ஒன்று குறைகிறது. மிச்சம் இருக்கும் எண்ணிக்கை, 7-ல் 2 கழித்த 5-ஐ விடக் குறைவாக இருந்தால் மட்டும் மெசேஜைக் காட்டு என்று ஒரு நிபந்தனை. முதல் தட்டலில் மிச்சம் 6, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 4. அதனால்தான் மூன்றாவது தட்டலில் போன் வாய் திறக்கிறது. ஸ்கிரீன் லாக் வெச்சிருந்தால், கடைசியில் பின் நம்பர் கேட்கும் பகுதியும் அதே ஃபைலில்தான்.

ஆண்ட்ராய்டின் பதிப்புக்குப் பதிப்பு ஃபைல் பெயர்கள் மாறலாம். போன் கம்பெனிகளும் தங்கள் மாடல்களுக்கு ஏற்ப செட்டிங்ஸை மாற்றுவது உண்டு. ஆனால், வழி ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் வாக்கியம், அதிலிருந்து அதன் பெயர், பெயரிலிருந்து அதைப் பயன்படுத்தும் கோடிங். எந்த ஓப்பன் சோர்ஸ் ஆப்பாக இருந்தாலும் நூலை இப்படிப் பிடித்து இழுக்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்கா?

இல்லை. சில நேரம் இந்தத் தேடலில்தான் ஒரு கம்பெனியின் தலையெழுத்தே இருக்கும். 2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்க. ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களில் 'லாக்ஃபோர்ஜே' என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி பரவலாகப் பயன்பாட்டில் இருந்தது. வேலை ரொம்ப சிம்பிள். மென்பொருளுக்குள் நடப்பதை டைரி மாதிரி எழுதி வைப்பது. அதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. குறிப்பிட்ட வடிவில் ஒரு வாக்கியத்தை அனுப்பி, அது அந்த டைரியில் பதிவாகும்படி செய்துவிட்டால் போதும். எங்கிருந்தோ ஒருவர் உங்கள் சர்வரில் தன் கோடிங்கை ஓட வைக்கலாம். ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10 கொடுத்தார்கள்.

அன்று உலகம் முழுக்க இருந்த கம்ப்யூட்டர் டீம்களுக்கு முதல் கேள்வி, 'இதை எப்படிச் சரிசெய்வது' என்பதல்ல. 'இது நம்மகிட்ட இருக்கா?' என்பதுதான். பலரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன்னா, அவங்க நேரடியா அதைச் சேர்த்திருக்க மாட்டாங்க. அவங்க பயன்படுத்தின லைப்ரரி இன்னொன்றைப் பயன்படுத்தும், அது லாக்ஃபோர்ஜேவைப் பயன்படுத்தும். வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறவர் ஹோட்டலில் சாப்பிடுகிற மாதிரிதான். சட்னியில் கடலை இருக்கான்னு மெனு கார்டு சொல்லாது. கிச்சனுக்குள் போய்ப் பார்க்கணும்.

அப்படித்தான் போய்ப் பார்த்தார்கள். பிரச்னைக்குக் காரணமான பகுதியின் பெயர் 'ஜேஎன்டிஐ லுக்கப்'. அந்தப் பெயரை ஃபைல்களுக்குள், அந்த ஃபைல்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஃபைல்களுக்குள் எல்லாம் தேடினார்கள். இதில் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. இந்த 'லுக்கப்' வசதி ஒன்றும் ரகசியம் கிடையாது. லாக்ஃபோர்ஜேவின் டாக்குமென்டேஷனிலேயே அதைப் பற்றி எழுதியிருந்தது. திறந்து வெச்சிருந்தாலும், யாராவது உள்ளே போய்ப் பார்த்தால்தான் அது பயன்படும்.

தேடல் இயந்திரத்துக்குள் எட்டிப் பார்ப்போமா?

கோடிங்கில் தேடுவதும், கூகுளில் 'பக்கத்தில் நல்ல பிரியாணி' தேடுவதும் ஒன்றல்ல. சாதாரணத் தேடலில் புள்ளி, அடைப்புக்குறி, அண்டர்ஸ்கோர் எல்லாம் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாது. கோடிங்கில் ஒரு புள்ளி மாறினாலே அர்த்தம் மாறிவிடும். அதனால் எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும் கருவி தேவை.

இதற்கான தாத்தா கருவி 'கிரெப்'. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன் 1970-களின் தொடக்கத்தில் எழுதியது. யூனிக்ஸின் பழைய எடிட்டரில் 'எல்லா இடத்திலும் இந்த வடிவத்தைத் தேடி, பிரின்ட் பண்ணு' என்பதற்கான கட்டளையின் சுருக்கம்தான் இந்தப் பெயர். இன்றைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால், கிரெப் ஒவ்வொரு ஃபைலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். நூறு ஃபைல் என்றால் சரி. உலகத்தில் இருக்கிற கோடிங் எல்லாம் என்றால்? 2023-ல் கிட்ஹப் தன் புதிய தேடல் வசதியை விளக்கும்போது ஒரு கணக்கு சொன்னது. சுமார் 4.5 கோடி ரெப்போக்கள், மொத்தம் 115 டெராபைட் கோடிங். கிரெப் பாணியில் முழுதாகப் படித்துத் தேடினால், 2,048 பிராசஸர் கோர்கள் சேர்ந்து உழைத்தாலும் ஒரே ஒரு தேடலுக்கு 96 விநாடிகள் ஆகும். பக்கத்தில் ஆயிரம் பேர் க்யூவில் நின்றால் என்ன ஆவது?

அதற்குத்தான் 'ட்ரைகிராம்' என்ற ஐடியா. மூன்று மூன்று எழுத்தாக வெட்டி அட்டவணை போடுவது. 'பரமசிவம்' என்ற பெயரை எடுத்துக்கோங்க. பரம, ரமசி, மசிவ, சிவம் என்று நான்கு துண்டுகள். ஒவ்வொரு துண்டும் எந்தெந்த ஃபைல்களில் இருக்கு என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைக்கணும். பாடப்புத்தகத்தின் கடைசியில் வார்த்தைக்கு எதிரே பக்க எண் போட்டிருப்பாங்களே, அதே மாதிரி. நீங்கள் 'பரமசிவம்' தேடினால், இந்த நான்கு பட்டியலிலும் இடம்பெற்ற ஃபைல்களை மட்டும் திறந்து பார்த்தால் போதும். லட்சக்கணக்கான ஃபைல்கள் சில நூறாகக் குறைந்துவிடும். கம்ப்யூட்டர் வெட்டுவது நம் தமிழ் எழுத்துக் கணக்கில் இல்லை, பைட் கணக்கில். ஆனால் சூட்சுமம் இதுதான்.

2006-ல் கூகுள் தொடங்கிய 'கூகுள் கோட் சர்ச்' இந்த முறையில்தான் ஓடியது. அதைக் கட்டியவர் ரஸ் காக்ஸ். அப்போது அவர் அங்கே இன்டர்ன்! 2012 ஜனவரியில் கூகுள் அந்தச் சேவையை மூடிவிட்டது. ஆனால் காக்ஸ், அது எப்படி வேலை செய்தது என்பதை விரிவாக எழுதி, சின்னதாக ஒரு கருவியையும் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார். அதே வருடம் மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் என்ற மாணவர், அந்த முறையைப் பின்பற்றி 'டெபியன் கோட் சர்ச்' தளத்தை உருவாக்கினார். அது அவரது இளநிலைப் பட்டப்படிப்பின் ஆய்வு வேலை. கடை மூடினாலும் சமையல் குறிப்பு வெளியே இருந்ததால் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறந்துவிட்டது. ஓப்பன் சோர்ஸின் அழகே இதுதான்.

எதை எங்கே தேடலாம்?

எல்லாவற்றுக்கும் ஒரே தளம் கிடையாது. கேள்வியைப் பொறுத்து கடையை மாத்தணும்.

கிட்ஹப்: மிகப் பெரிய சந்தை. கோடிங்கில் தேட லாகின் தேவை. எந்த மொழி, எந்த ஃபோல்டர், எந்த ரெப்போ என்று வடிகட்டலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒவ்வொரு புராஜெக்ட்டின் முதன்மைக் கிளையில்தான் தேடும். பழைய பதிப்பில் இருந்து நீக்கப்பட்டது அதில் சிக்காது.

டெபியன் கோட் சர்ச்: டெபியன் லினக்ஸில் இருக்கும் மென்பொருள்களின் சோர்ஸ் முழுவதிலும் தேடும். லாகின் வேண்டாம். 'இந்த ஃபங்ஷனை உண்மையில் யாரெல்லாம், எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?' என்ற கேள்விக்குச் சரியான இடம்.

எலிக்ஸிர்: லினக்ஸ் கெர்னலைப் படிக்க உதவும் தளம், பூட்லின் நிறுவனம் நடத்துவது. ஒரு பெயரைத் தட்டினால் அது எங்கே உருவானது, எங்கெல்லாம் பயன்பட்டது என்று பட்டியல் தரும். பதிப்பை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

சர்ச்ஃபாக்ஸ்: ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் கோடிங்குக்கு மொஸில்லா வெச்சிருக்கிற தேடுதளம்.

சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ்: பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016-ல் தொடங்கிய ஆவணக் காப்பகம். பொதுவில் கிடைக்கும் சோர்ஸ் கோடுகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. ஒரு புராஜெக்ட் இணையத்திலிருந்து காணாமல் போய்விட்டால் இங்கே எட்டிப் பாருங்க.

லேப்டாப் இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு டிப்ஸ். எஃப்-டிராய்டு ஆப் ஸ்டோரில் 'டெர்மக்ஸ்' என்ற ஆப் கிடைக்கும். அதில் கிட், கிரெப், கிரெப்பின் அதிவேகப் பேரனான 'ரிப்கிரெப்' எல்லாவற்றையும் உங்கள் போனிலேயே இன்ஸ்டால் பண்ணலாம். சின்ன புராஜெக்ட்டை டவுன்லோடு செய்துவிட்டால், பஸ்ஸில் நெட் இல்லாதபோதும் தேடலாம். ரிப்கிரெப்பில் ஒரு விஷயம் கவனிக்கணும். மறைந்திருக்கும் ஃபைல்களையும், 'இதைக் கண்டுக்காதே' என்று புராஜெக்ட்டே குறித்து வைத்த ஃபைல்களையும் அது தானாகவே தாண்டிப் போய்விடும். 'இல்லை' என்று அது சொன்னால், தேடாத இடமும் இருக்கலாம்.

எரர் மெசேஜா? இப்படித் தேடுங்க

பலரும் எரர் மெசேஜை முழுசா காப்பி பண்ணித் தேடிவிட்டு, 'ஒண்ணும் வரலையே' என்பார்கள். காரணம் எளிது. அந்த மெசேஜில் பாதி உங்களுடையது. 'இந்த ஃபோல்டரில் இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை, வரி 42' என்று வந்தால், ஃபோல்டர், ஃபைல், எண் மூன்றும் உங்கள் கம்ப்யூட்டருக்குச் சொந்தம். சோர்ஸில் அந்த இடங்களில் வெறும் குறியீடுதான் இருக்கும். 'திறக்க முடியவில்லை' என்ற மாறாத பகுதியை மட்டும் எடுத்துத் தேடணும்.

மெசேஜ் தமிழில் வருதா? லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் மொழிபெயர்ப்புகள் 'பிஓ' ஃபைல்களில் இருக்கும். அதில் ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் கீழே அதன் தமிழ் இருக்கும். முதலில் தமிழ் வாக்கியத்தைத் தேடி, அதற்கு மேலே உள்ள ஆங்கிலத்தைப் பிடித்து, அதை வைத்து சோர்ஸுக்குப் போகணும்.

தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி போடலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறி போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து தேடும் கருவிக்கு இரண்டும் வேறு வேறு. 'இருக்கு, ஆனா கிடைக்கல' என்ற நிலை வந்தால் இதையும் சந்தேகப்படுங்க. கொம்பு வைத்த எழுத்துகள் இல்லாத சின்னத் துண்டைத் தேடினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

டாக்குமென்டேஷன்... எந்த வருடத்து பஞ்சாங்கம்?

சோர்ஸ் இருக்கிறது என்பதற்காக டாக்குமென்டேஷனைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மென்பொருள் என்ன செய்யணும் என்று அதை எழுதியவர்கள் நினைத்தார்களோ, அது டாக்குமென்டேஷன். அது உண்மையில் என்ன செய்யுதோ, அது சோர்ஸ். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் உங்கள் கையில் ஒரு பக் சிக்கியிருக்கு என்று அர்த்தம். எங்கே என்பதுதான் பாக்கி.

ஆனால், தேடுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்க. உங்களிடம் இருக்கும் பதிப்பு எது? கூகுள் உங்களைக் கூட்டிப்போன பக்கம் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது? போன வருஷப் பஞ்சாங்கத்தில் இந்த வருஷத் தீபாவளி தேடக் கூடாது. பைதானின் அதிகாரபூர்வ டாக்குமென்டேஷனில் பக்கத்தின் மேலேயே பதிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. 'இந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது' என்றும் அங்கங்கே குறித்திருப்பார்கள். லினக்ஸில் 'மேன்' கட்டளை காட்டும் பக்கங்கள் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆன பதிப்போடு சேர்ந்தே வந்தவை. கட்டளையின் பெயர் தெரியாவிட்டால் 'மேன்' உடன் மைனஸ் கே போட்டு, என்ன வேலை வேண்டும் என்று ஒரு வார்த்தையில் கேட்கலாம்.

'டெவ்டாக்ஸ்' தளமும் கைகொடுக்கும். பல மொழிகள், லைப்ரரிகளின் டாக்குமென்டேஷனை ஒரே இடத்தில் தேடலாம். ஆஃப்லைனுக்கும் சேமித்துக்கொள்ளலாம். டேட்டா தீர்ந்த மாசக் கடைசிக்கு நல்ல துணை.

டாக்குமென்டேஷன் கொஞ்சமாக இருக்கும் புராஜெக்ட்களில் 'டெஸ்ட்' ஃபோல்டரைத் திறங்க. 'இதைக் கொடுத்தால் இது வரணும்' என்று சின்னச் சின்ன உதாரணங்கள் அங்கே இருக்கும். அவை சரியாக ஓடுகின்றனவா என்று அடிக்கடி சோதிப்பார்கள் என்பதால், டாக்குமென்டேஷனைவிட பழசாகிப்போகும் வாய்ப்பு குறைவு.

'ஏன்' என்ற கேள்விக்கு வரலாறுதான் பதில்

இப்போ நம் 7-க்குத் திரும்புவோம். எண் 7 எங்கே இருக்கு, எப்படி வேலை செய்யுது என்பதைக் கண்டுபிடித்துவிட்டோம். 'ஏன் 6 இல்லை, 8 இல்லை' என்று அந்த வரி சொல்லாது. கோடிங் 'என்ன' என்று சொல்லும். 'ஏன்' என்று தெரிய, அந்த வரி எப்போது, யாரால், எந்த மாற்றத்தோடு வந்தது என்று பார்க்கணும்.

அதற்கான கருவி 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, பெயர், காரணக் குறிப்போடு சேமிக்கும். அதில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார், எந்த மாற்றத்தில் என்று காட்டும். பெயர் குற்றம்சாட்டுவது மாதிரி இருந்தாலும், உண்மையில் அது ஒரு ஜாதகம்தான். கிட்ஹப்பில் எந்த ஃபைலைத் திறந்தாலும் 'பிளேம்' பட்டன் இருக்கும்.

வரி இப்போது இல்லவே இல்லை, எப்போதோ நீக்கிவிட்டார்கள் என்றால்? 'கிட் லாக்' உடன் மைனஸ் எஸ், பக்கத்தில் தேடும் வார்த்தை. அந்த வார்த்தை எந்த மாற்றத்தில் உள்ளே வந்தது, எதில் வெளியே போனது என்று சொல்லிவிடும். எல்லா மாற்றத்துக்கும் நல்ல குறிப்பு எழுதியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதியிருந்தால், அதுதான் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான பதில்.

'ஏஐ இருக்கே, நான் ஏன் தேடணும்?'

நியாயமான கேள்வி. சாட்பாட்டிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வருது. கேளுங்க, தப்பில்லை. ஆனால், இல்லாத ஃபங்ஷனை, இல்லாத லைப்ரரியை இருப்பது போல அது தன்னம்பிக்கையோடு சொல்வதும் உண்டு. அப்படி வரும் கற்பனைப் பெயரில் யாராவது ஒரு விஷ லைப்ரரியைப் பதிவு செய்து வைத்தால், இன்ஸ்டால் செய்பவர் மாட்டிக்கொள்வார் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

அதனால் ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க. ஏஐ ஒரு ஃபங்ஷன் பெயரைச் சொன்னால், அந்த புராஜெக்ட்டின் சோர்ஸில் அதைத் தேடுங்க. ஒரு முடிவும் வரவில்லையா? பதிப்பு மாறியிருக்கலாம், அல்லது அது கற்பனை. வந்தால், அதைப் பயன்படுத்தும் ஓர் உதாரணத்தையும் பாருங்க. மொத்தம் இரண்டு நிமிட வேலை. கல்லூரி புராஜெக்ட்டில் 'இது எப்படி வேலை செய்யுது?' என்று கேட்கும்போது, 'ஏஐ சொன்னது' என்பதற்கும், 'இந்த ஃபைலில் இந்த வரியில் இருக்கு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இந்த மூன்று இடத்தில் கவனம்!

ஒன்று, தேடிய இடமும் ஓடும் மென்பொருளும் ஒன்றுதானா? 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற இன்ஜினீயர் ஓர் அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார். லினக்ஸில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற ஃபைல் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். ரிமோட் லாகினுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆகுதே என்று தோண்டிப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். இதில் பாடம் என்னன்னா, அந்தக் கதவைத் திறக்கும் முக்கியமான துண்டு பொதுவில் இருந்த கிட் ரெப்போவில் இல்லை. டவுன்லோடுக்குக் கொடுத்த தொகுப்பில் மட்டும் இருந்தது. மிச்சம், டெஸ்ட் ஃபைல்கள் என்ற பெயரில் யாரும் படிக்க முடியாத வடிவில் ஒளிந்திருந்தது. ரெப்போவில் மட்டும் வார்த்தை போட்டுத் தேடியவர் எவருக்கும் அது சிக்கியிருக்காது.

இரண்டு, கண்ணில் பட்டதெல்லாம் காப்பி அடிக்க அல்ல. படிக்கத் திறந்திருப்பது வேறு, எடுத்துக்கொள்ள அனுமதி இருப்பது வேறு. எம்ஐடி லைசென்ஸ் என்றால் பெயரையும் உரிமக் குறிப்பையும் வைத்துக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜிபிஎல் என்றால், அதைச் சேர்த்து நீங்கள் வெளியிடும் மென்பொருளையும் அதே நிபந்தனையோடு திறந்து வைக்க வேண்டியிருக்கும். லைசென்ஸே இல்லை என்றால், உரிமை முழுக்க எழுதியவருடையது. ரெப்போவில் 'லைசென்ஸ்' ஃபைலைப் பார்க்காமல் ஒரு வரிகூட எடுக்காதீங்க.

மூன்று, நீங்கள் தேடுகிற மாதிரி உங்களையும் தேடுவார்கள். பாஸ்வேர்டு, ஏபிஐ கீ போன்றவற்றைத் தெரியாமல் கோடிங்கோடு சேர்த்துப் பொதுவில் போட்டுவிடுவது சகஜம். அமெரிக்காவின் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கிட்ஹப்பில் 1 லட்சத்துக்கும் அதிகமான ரெப்போக்களில் இப்படி ரகசியங்கள் கசிந்திருந்தன. ஃபைலை அழித்தால் போதும் என்று நினைக்காதீங்க. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அந்த கீயையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் ஒரே வழி. உங்கள் ரெப்போவில் 'பாஸ்வேர்டு', 'டோக்கன்', 'சீக்ரெட்' என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்களேன்.

இந்த வாரம் ஒரு வேலை

உங்கள் போனில் இருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஆப் ஒன்றைத் தேர்வு செய்யுங்க. விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், சிக்னல், விக்கிபீடியா ஆப், எது வேண்டுமானாலும். அதைத் தமிழுக்கு மாற்றி, கண்ணை உறுத்தும் ஒரு மொழிபெயர்ப்பைப் பிடிங்க. ஒன்றாவது கண்டிப்பா சிக்கும். அதன் சோர்ஸில் அந்தத் தமிழ் வாக்கியத்தைத் தேடுங்க. அது எந்த ஃபைலில், எந்த வரியில் இருக்கு, ஆங்கிலத்தில் என்ன, எந்த பட்டனில் வருது என்று குறிச்சுக்கோங்க.

பிறகு அந்த புராஜெக்ட் பக்கத்தில், மொழிபெயர்ப்பில் பங்கேற்பது எப்படி என்ற குறிப்பைப் படிங்க. 'உங்க ஆப்ல தமிழ் சரியில்லை' என்று பொதுவாகப் புலம்பினால் யாருக்கும் எதுவும் செய்யத் தெரியாது. 'இந்த ஃபைல், இந்த வரி, இப்படி இருக்கு, இப்படி இருக்கணும்' என்று எழுதினால், சரிபார்த்துச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஏற்றுக்கொண்டால், அடுத்த அப்டேட்டில் யாரோ ஒருவரின் போனில் நீங்கள் தேடிப் பிடித்த அந்த வாக்கியம் நல்ல தமிழில் வரும்.